மோரிஸ் மைனரில் தரை பெடலை எடுத்துவிட்டு, இன்ஜின் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் தொங்கு பெடல் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் உங்கள் வண்டியில் நான் வைக்க மாட்டேன். ஏன் என்று முதலில் சொல்கிறேன். அதையும் மீறி வைப்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அப்புறம்.

நீங்கள் எழுதியிருப்பது இது: தாத்தா வாங்கிய 1954 மாடல் மைனர், 803 சிசி இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம், ஏறக்குறைய எல்லாமே ஒரிஜினல். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி வீல்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. பிரேக் ஆயில் ஊற்ற ஒவ்வொரு முறையும் தரை மேட்டைத் தூக்க வேண்டியிருக்கிறது. மெக்கானிக், "ஃபயர்வாலை வெட்டி மாருதி பெடலை மாட்டிடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்கிறார்.

மைனரில் அந்தச் சிலிண்டர் இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த இந்த வண்டியில், டிரைவர் காலுக்குக் கீழே, பாடியோடு ஒன்றாக ஓடும் சட்டத்துக்குள்ளேயே மாஸ்டர் சிலிண்டரை வைத்துவிட்டார்கள். பிரேக், கிளச் இரண்டு பெடலும் அதே சட்டத்தில் ஒரே ஷாஃப்டில் சுழல்கின்றன. தரையில் உள்ள பிளவுகள் வழியாக மேலே வருகின்றன. ஆயில் ஊற்றும் மூடி மேட்டுக்கு அடியில் ஒரு சிறிய தகட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டுத் தண்ணீர், சேறு எல்லாம் அந்த இடத்தைத்தான் தேடி வரும். ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நீள போல்ட்டுகள் சட்டத்தின் குறுக்கே போகின்றன. அவற்றை வெளியே இழுத்தால் பக்கத்தில் ஓடும் டார்ஷன் பார் (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) மறிக்கும். அதைத் தளர்த்தி நகர்த்தாமல் சிலிண்டர் வெளியே வராது. உங்கள் மெக்கானிக் வெட்டலாம் என்று சொல்வதற்கு இந்த போல்ட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு தடவை அதோடு மல்லுக்கட்டியவர் இரண்டாம் தடவை அந்தப் பக்கம் போக மாட்டார்.

ஆக, உங்கள் தொல்லை பெடலால் வந்தது இல்லை, சிலிண்டரை எட்ட முடியாததால் வந்தது. அதற்கு எளிய வழி உண்டு. ஒரு முறை டார்ஷன் பாரை நகர்த்திச் சிலிண்டரைக் கழற்றுங்கள். பழையதற்கு உள்ளே ஸ்லீவ் (புதுக் குழாய்) போட்டோ, புதுச் சிலிண்டராகவோ திரும்பப் பொருத்தும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகச் சொல்லுங்கள். அடுத்த முறை டார்ஷன் பாரைத் தொடாமலே உருவிவிடலாம். ஊற்றும் மூடி இருக்கும் இடத்தில் ஓர் அடாப்டரை லேத்தில் கடைந்து பொருத்தி, அதிலிருந்து பிரேக் ஆயிலுக்கென்றே செய்த டியூபை இன்ஜின் அறைக்குக் கொண்டுபோய், ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அங்கே வைத்துவிட்டால் பானெட்டைத் திறந்ததும் ஆயில் அளவு தெரியும். இங்கிலாந்தில் மைனர் வைத்திருப்பவர்கள் பல காலமாகச் செய்யும் வேலைதான் இது. பெரிதாக எதையும் வெட்டத் தேவையில்லை. வேண்டாம் என்றால் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், பலர் யோசிப்பதே இல்லை. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். 50 வருடத்துக்கு மேலான வண்டி, நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், பதிவு 10 வருடத்துக்கு. அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஃபயர்வால் பாடி ஷெல்லின் ஒரு பகுதி. மைனரில் தனி சேசிஸே கிடையாது, எல்லாம் ஒரே கூடு. அதை வெட்டி ஓட்டை போட்டுவிட்டு அசல் வடிவம் என்று வாதாடுவது கஷ்டம். அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு, அது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனாலும் தாத்தா வண்டி, முழுசாக இருக்கிறது என்கிறீர்கள். அந்தக் கதவை நீங்களே சாத்திவிடாதீர்கள்.

அப்படியானால் யார் மாற்றலாம்? என்னுடைய மைனரில் தொங்கு பெடல்தான் இருக்கிறது. நான் வாங்கும்போதே முந்தைய உரிமையாளர் ஐந்து கியர் பாக்ஸுக்காக நடுத் தரையை வெட்டியிருந்தார், முன்னால் டிஸ்க் போட்டிருந்தார். அசல் என்று காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. அவிநாசி சாலை டிராஃபிக்கில் தினமும் போகிற வண்டி. பழைய சிலிண்டருக்கு ஒரே சர்க்யூட்தான். எங்காவது ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், கையில் இருப்பது ஹேண்ட்பிரேக் மட்டும். முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று பிரித்த டேன்டம் சிலிண்டர் வேண்டும் என்பதற்காகவே மாற்றினேன். உங்களுக்கும் அப்படிப்பட்ட காரணம் இருந்தால் மேலே படியுங்கள்.

இந்த வேலை முழுவதும் ஒரு கேள்வியில் அடங்கும்: காலால் மிதிக்கும் விசை எங்கே போய் முட்டுகிறது?

கணக்குப் போடுவோம். பெடல் தொங்கும் முளையிலிருந்து பாதம் படும் இடம் வரை 30 செ.மீ., அதே முளையிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடு வரை 5 செ.மீ. என்றால் விகிதம் 6க்கு 1. சாதாரணமாக 30 கிலோ விசையில் மிதித்தால் புஷ் ராடு சிலிண்டரை 180 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். அதே நேரம் பெடல் முளை 150 கிலோவோடு பின்னால் தள்ளப்படும். மாடு குறுக்கே வந்து பதறி மிதிக்கும்போது இரண்டும் இரட்டிப்பாகிவிடும். பழைய அமைப்பில் ஷாஃப்ட், சிலிண்டர் இரண்டும் அந்தக் கெட்டியான சட்டத்திலேயே இருந்ததால் இந்த இரண்டு விசைகளும் உள்ளுக்குள்ளேயே அடங்கிவிட்டன. ஃபயர்வாலோ மெல்லிய தகரம். சிலிண்டரைத் தகரத்தில் முடுக்கிவிட்டு, பெடல் பிராக்கெட்டை டேஷ்போர்டுக்கு அடியில் தனியாக வெல்டு வைத்தால், மிதிக்கும்போதெல்லாம் பிஸ்கட் டப்பா மூடி போல ஃபயர்வால் முன்னால் பிதுங்கும். உங்கள் காலுக்குப் பெடல் பஞ்சு போல இருக்கும். பிரேக் லைனில் ஏர் இருக்கிறது என்று நினைத்து மெக்கானிக் திரும்பத் திரும்ப ஏர் எடுத்துக்கொண்டே இருப்பார். சில மாதத்தில் வெல்டு ஓரத்தில் தகரம் கிழிய ஆரம்பிக்கும்.

எனவே பெடல் முளையும் சிலிண்டரும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். 3 மி.மீ. தகட்டில் பெட்டி அடித்து, ஃபயர்வாலின் மறுபக்கம் அதே அளவு தகடு வைத்து, இடையில் தகரத்தைச் சாண்ட்விச் செய்து 8 மி.மீ. போல்ட்டுகளால் முடுக்குங்கள். பெட்டியின் மேல் நுனியிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சட்டத்துக்கு ஒரு தாங்கு கம்பி. முடிந்ததும் ஒருவரை உட்காரவைத்து முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து சிலிண்டரின் மூக்கைப் பாருங்கள். பக்கத்தில் அசையாத ஏதாவது ஒன்றில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனியைச் சிலிண்டரில் லேசாகத் தொடும்படி வைத்தால் எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணுக்கு அசைவு தெரிந்தாலே இன்னும் பலப்படுத்த வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை மைனர் நமக்குத் தோதான வண்டி. கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் இரண்டும் இன்ஜினின் இடப்பக்கம்; நம் ஸ்டியரிங் வலப்பக்கம். சிலிண்டர் சூட்டில் வேகாது. ஆனால் ஸ்டியரிங் ரேக் கீழே இன்ஜினுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறது, பேட்டரித் தட்டும் ஃபயர்வாலோடு சேர்ந்தே இருக்கிறது. எஸ்.யூ. எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்பும் ஃபயர்வாலில்தான் உட்கார்ந்திருக்கும். வெல்டிங் மிஷினை ஆன் செய்யும் முன் பேட்டரியையும் பம்ப்பையும் கழற்றி பட்டறைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். "ஈரத்துணி போட்டுக்கலாம் சார்" என்றால் விடாதீர்கள்.

மாருதி 800 பெடல் செட் புதுப்பேட்டையில் சல்லிசாகக் கிடைக்கும், மோசமும் இல்லை. ஆனால் பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் கருவி) வைத்த வண்டியின் பெடலுக்கு விகிதம் குறைவாக இருக்கும். 4க்கு 1 பக்கத்தில். பூஸ்டர் இல்லாமல் அதை மாட்டினால் கல்லை மிதிப்பது மாதிரிதான். வாங்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பூஸ்டர் இல்லையென்றால் 6க்கு 1 வேண்டும்.

சிலிண்டர் விட்டமும் அதே அளவு முக்கியம். மைனரின் அசல் அளவு 7/8 அங்குலம். மேலே சொன்ன 180 கிலோ விசைக்கு அது சதுர செ.மீ.க்கு 46 கிலோ அழுத்தம் தரும். 3/4 அங்குலம் போட்டால் 63 கிலோ, 1 அங்குலம் போட்டால் 36 கிலோதான். பெரிய சிலிண்டர் நல்ல சிலிண்டர் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். சிறியதற்குப் பெடல் கொஞ்சம் அதிகம் இறங்கும், அவ்வளவுதான். நான்கும் டிரம் என்றால் லைனில் லேசான அழுத்தம் தேங்கி நிற்க ஒரு வால்வு வேண்டும். டிஸ்க் பக்கத்துக்கு அதே வால்வு இருந்தால் பேட் உரசிக்கொண்டே ஓடும். பழைய மைனர் சிலிண்டரிலேயே டிரம்முக்கான வால்வு உள்ளே இருக்கிறது. புதிய டேன்டம் சிலிண்டரில் எந்த வாய்க்கு அது இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

கிளச் பற்றிச் சுருக்கமாக. மைனரில் அது கம்பி லிங்க். பெடல் இருப்பது பாடியில், கியர் பாக்ஸ் இருப்பது ரப்பர் மவுண்டில்; கியர் பாக்ஸ் அசைந்தால் பெடல் கூடவே அசையாது. வண்டி கிளம்பும்போது வரும் உதறலுக்கு அதுவும் ஒரு காரணம். கேபிளோ ஆயிலோ போட்டால் உதறல் குறையும். ஆயில் என்றால் கணக்கு இப்படி: கீழே கிளச்சைத் தள்ளும் 7/8 அங்குல சிலிண்டர் 12 மி.மீ. நகர வேண்டுமென்றால் மேலே பெடலோடு இருக்கும் 3/4 அங்குல சிலிண்டர் 16 மி.மீ. போக வேண்டும்; 5/8 போட்டால் 23க்கு மேல். பெடல் விகிதம் 5 என்றால் முதலாவதில் கால் 8 செ.மீ. இறங்கும், இரண்டாவதில் 12. காலுக்கு அடியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேபிள் போதும், மாருதியிலும் கேபிள்தான்.

கடைசியாக, மிதிக்காத நேரத்தில் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி கட்டாயம். அது இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைபடும். சூடு ஏற ஏற பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெடல் திரும்பி நிற்க தனி ஸ்டாப்பர் வையுங்கள், சிலிண்டரின் வளையமே தாங்கட்டும் என்று விடாதீர்கள். முதல் நாள் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த வீல் சிலிண்டரையும் ஹோஸையும் பாருங்கள். ஜோடியாக முன்னாலோ பின்னாலோ சுட்டால் வால்வு. நான்கும் சுட்டால் திரும்பவும் அந்த 1 மி.மீ. இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.