ஹமீத் எந்தப் படி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். சாயங்காலம் சில்வர் பீச்சில் கூடினால் எங்கள் பேச்சு கடைசியில் பாக்ஸிங்கில்தான் போய் நிற்கும். தொழில்முறை வீரர்களைத் திறமைப்படி ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறேன், முதல் படிதான் உச்சம். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு படி இறக்கம். எதிராளியை வீழ்த்தி முடிக்கும் நாக்அவுட் வெற்றி எண்பது சதவீதம் தாண்டினால் இரண்டு படி ஏற்றம். இதில் குத்தின் பலத்துக்குப் பேர்போன டியோன்டே வைல்டர், நுணுக்கத்துக்குப் பேர்போன லோமசென்கோவுக்கு மேலே வந்துவிட்டார். நசீம் ஹமீதுக்கு 36 வெற்றி, அதில் 31 நாக்அவுட், ஒரே தோல்வி. அவரை முதல் படியில் வைத்தேன். மூன்றாம் படிக்கு மேல் விடமாட்டேன் என்று நண்பன் அடம்பிடிக்கிறான். யார் சொல்வது சரி? டைசனும் அலியும் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

(பெயர் வேண்டாம்)

அன்புத் தம்பிக்கு,

டைசனா அலியா என்பதை விட்டுவிடுங்கள். அது பீச்சில் சுண்டல் தீரும்வரை பேச நல்ல விஷயம், அவ்வளவுதான்.

உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. படி பிரிக்க உட்காருகிறவன் பார்க்கக் கற்றுக்கொள்வான். ஆனால் நீங்கள் சண்டையைப் பார்க்கவில்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். வைல்டரை லோமசென்கோவுக்கு மேலே வைக்கும் விதியைக் கிழித்துப் போடுங்கள். 2019 நவம்பரில் லூயிஸ் ஒர்டிஸிடம் ஆறு ரவுண்டு முடிந்தபோது வைல்டர் மூன்று நடுவர்களின் மதிப்பெண் தாளிலும் பின்தங்கியிருந்தார். ஏழாவதில் ஒரே வலதுகைக் குத்து, சண்டை முடிந்தது. அது பலம். அப்படிப்பட்ட பலம் லட்சத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். நீங்கள் போடுவது திறமைப் பட்டியல் அல்லவா?

1993இல் சாவேஸ்–விட்டேக்கர் சண்டை சமன் என்று அறிவிக்கப்பட்டது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேக்கர் ஜெயித்ததாகவே சொல்கிறார்கள். உங்கள் கணக்கில் அது ஒரு சைபர். 2014 மார்ச்சில் லோமசென்கோவைத் தோற்கடித்த ஒர்லாண்டோ சாலிடோவுக்கு அதற்கு முன்பே 12 தோல்விகள். எடை வரம்பைத் தாண்டி வந்து, சாம்பியன் பெல்ட்டைத் தராசிலேயே இழந்து, ரிங்கில் ஏறி வயிற்றிலும் அதற்குக் கீழேயும் குத்தி ஜெயித்தார். உங்கள் விதிப்படி அந்த மனிதருக்கு ஐந்தாம் படியில்கூட இடமில்லை.

சரி, எதைப் பார்ப்பது? கால்களை. அதிலும் குத்து தவறிய பிறகு கால் எங்கே நிற்கிறது என்பதை. பட்ட குத்தை வைத்து எடைபோடாதீர்கள், பட்டுவிட்டால் எல்லாமே அழகாகத் தெரியும்.

வலதுகைக்காரர் வலதுகையை நீட்டும்போது பின்குதிகால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், இடுப்பும் கூடவே திரும்ப வேண்டும், பாதம் பின்னாலேயே இருக்க வேண்டும். குத்தின் வேகத்தில் பின்கால் இழுபட்டு முன்காலுக்கு இணையாக வந்துவிட்டால் ஆள் சதுரமாக நிற்பார். அந்த நிலையில் நெஞ்சில் தள்ளினாலே விழுவார். அடுத்த குத்துக்கு எடை இருக்காது, பின்வாங்கவும் வழியில்லை. கட்டுமரத்தில் துடுப்பு போடுகிறவர் இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து நிற்பாரா? உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள். வைல்டர் இப்படித்தான் நிற்கிறார், ஒரு சண்டையில் பத்துத் தடவையாவது பார்க்கலாம். பிவோலைப் பாருங்கள். 2022 மே மாதம் கனெலோவை வென்ற சண்டையில், நாலு குத்து விட்ட பிறகும் அவருடைய காலிடைவெளி தொடங்கியபோது இருந்த அதே அளவுதான்.

அடுத்தது ஜாப், அதாவது முன்கையால் நேராக நீட்டும் குத்து. முன்பாதமும் முஷ்டியும் ஒன்றாகச் சேர வேண்டும், கை போன வழியே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பும்போது தொங்கினால் எதிராளியின் வலதுகை அதன் மேலாக வந்து தாடையில் இறங்கும். 1936இல் அதுவரை தோற்றறியாத ஜோ லூயிஸிடம் ஷ்மெலிங் கண்டுபிடித்தது இதைத்தான். பன்னிரண்டாவது ரவுண்டில் லூயிஸ் விழுந்தார். 1938இல் அதே ஷ்மெலிங்கை முதல் ரவுண்டிலேயே முடித்தார். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் வருஷமும் எழுதுங்கள். 1936இன் லூயிஸும் 1938இன் லூயிஸும் ஒரே படி அல்ல.

இனி வேலை. ஒருவருக்குக் குறைந்தது மூன்று சண்டை எடுங்கள்: இடதுகைக்காரரோடு ஒன்று, தன்னைவிட உயரமானவரோடு ஒன்று, தோற்றது அல்லது தோற்கவிருந்தது ஒன்று. ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் தவறிய குத்து ஒன்றுகூட இருக்காது. சத்தத்தை நிறுத்திவிடுங்கள், வர்ணனையாளர் உங்கள் கண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். குளோசப் வந்தால் கால் தெரியாது, தள்ளிவிட்டு முழு ரிங் தெரியும் இடத்துக்குப் போங்கள். 2, 6, 11ஆம் ரவுண்டுகள் போதும். களைப்பு முதலில் காலில்தான் தெரியும், ஆறாவதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே காலிடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று குறியுங்கள். ஒரு தடவை ஒருவரை மட்டும் பாருங்கள், இருவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

தாளில் மூன்றே கோடு போதும். தவறிய பிறகு கால் சதுரமாகிறதா? ஜாப் எங்கே திரும்புகிறது? வெளியேறும்போது நேராகப் பின்னால் போகிறாரா, பக்கவாட்டில் விலகுகிறாரா? நேராகப் பின்வாங்குகிறவரை இரண்டாவது, மூன்றாவது குத்து துரத்தும். இடதுகைக்காரரும் வலதுகைக்காரரும் மோதினால் இன்னொன்றையும் பாருங்கள்: யாருடைய முன்பாதம் மற்றவருடைய முன்பாதத்துக்கு வெளிப்பக்கம் இருக்கிறது? அதை ஓயாமல் கைப்பற்றுகிறவர் மேல் படிக்காரர். லோமசென்கோவும் உசிக்கும் அந்த இடத்துக்காகவே அரை அடி, கால் அடியாகச் சண்டை போட்டுக் காட்டியவர்கள்.

புதுச்சேரி உப்பளத்திலோ கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்திலோ பையன்கள் சண்டை நடந்தால் ரிங் ஓரமாக நின்று பாருங்கள். மூன்றே ரவுண்டுதான், ஆனால் டிவி காட்டாத பாதம் கண் மட்டத்தில் தெரியும்.

பெல்ட் எண்ணிக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்ல வேளை. நான்கு அமைப்பு, பதினேழுக்குக் குறையாத எடைப்பிரிவு. பெல்ட் மலிந்து கிடக்கிறது.

ஹமீதா? முதல் படி இல்லை. 2001 ஏப்ரலில் அந்த ஒரே தோல்வியைத் தந்த பாரெரா, இடதுகைக்காரரான ஹமீதின் இடதுகைக்கு எதிர்ப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு ஜாப் போட்டார். கால் அகலமாக, கை இடுப்பில், தாடையைத் தூக்கி வைத்து இடுப்பிலிருந்து பின்னால் சாயும் ஹமீதிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் எதிர்பாராத கோணத்திலிருந்து அவர் குத்து விடும் நேரக்கணக்கு மூன்றாம் படிக்காரருக்கு வராது. இரண்டாம் படியின் கீழ் ஓரம் என்று போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நண்பருக்கு இது பிடிக்காது, உங்களுக்கும்தான்.