எச்-1பி விசாவில் இருப்பவர் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி கேட்கலாமா?

கேள்வி: உயிர்மருத்துவப் பொறியியலில் பிஎச்.டி. முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் எச்பிசியு எனப்படும் கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேரப்போகிறேன். எச்-1பி விசாதான், கிரீன் கார்டு இல்லை. நான் கறுப்பினத்தவனும் இல்லை. இக்கல்லூரிகளுக்கென உள்ள அரசு நிதிக்கு விண்ணப்பிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. எச்பிசியு என்பது கல்லூரிக்கு உள்ள தகுதி. 1964-க்கு முன் கறுப்பின மாணவர்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்டவற்றை 1965-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் அப்படி வரையறுக்கிறது. நிதியும் கல்லூரியின் பெயருக்குத்தான் வரும். ஆய்வை நடத்துபவரின் இனமோ குடியுரிமையோ பெரும்பாலான ஆய்வு மானியங்களில் குறுக்கே நிற்காது. தனி நபருக்குத் தரும் உதவித்தொகையான ஃபெலோஷிப் வேறு கதை. என்எஸ்எஃப் எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஃபெலோஷிப்புக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். உங்கள் மாணவர்களைச் சேர்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எங்கே தொடங்குவது? எடுத்த எடுப்பில் என்ஐஎச் எனப்படும் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆர்01 என்ற பெரிய ஆய்வு மானியத்தின் பக்கம் போகாதீர்கள். பெரிய ஆய்வகங்களோடு நேருக்கு நேர் மோதும் களம் அது. என்ஐஎச் நிதி அதிகம் பெறாத கல்லூரிகளுக்கென்றே ஆர்15 என்ற மானியம் இருக்கிறது. முன்தரவு, அதாவது ஏற்கெனவே செய்த சோதனைகளின் முடிவுகள், கட்டாயமில்லை, ஆனால் மாணவர்கள் ஆய்வில் உண்மையாகவே ஈடுபட வேண்டும். என்எஸ்எஃப் பக்கம், எச்பிசியு ஆசிரியர்களுக்கு மட்டுமான 'எக்ஸலன்ஸ் இன் ரிசர்ச்' என்ற மானியத் திட்டம் உண்டு.

பலர் சறுக்குவது, ஒரே திட்டத்தை இரண்டு இடத்துக்கும் அப்படியே அனுப்புவதில்தான். எலும்பு முறிவுக்கு உடலுக்குள்ளேயே கரையும் மெக்னீசியத் திருகு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ஐஎச்-க்கு எழுதும்போது நோயாளிதான் முன்னால் நிற்க வேண்டும்: திருகை எடுக்க இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படாது, எலும்பு இப்படி ஒன்றுசேரும் என்று. என்எஸ்எஃப்-க்கு அது எடுபடாது. நோயைக் கண்டறிவதும் குணப்படுத்துவதுமே குறிக்கோளான ஆய்வுக்கு அவர்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. பொறியியல் கேள்வி வேண்டும். உடல் திரவத்தில் அந்த உலோகக்கலவை எவ்வளவு வேகத்தில் அரிக்கப்படுகிறது, வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எழுதுங்கள்.

மெக்னீசியத்தைச் சும்மா சொல்லவில்லை. கிரீன்ஸ்பரோவில் உள்ள நார்த் கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகம், இதே துறையில் 2008-இல் என்எஸ்எஃப்-இன் பொறியியல் ஆய்வு மையம் ஒன்றைப் பெற்றது. ஐந்தாண்டுக்கு 1.8 கோடி டாலர். அத்தகைய மையத்துக்குத் தலைமையேற்ற முதல் எச்பிசியு அதுதான். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி பல்கலைக்கழகங்கள் அதில் கூட்டாளிகளாகச் சேர்ந்தன. பெரிய பல்கலைக்கழகத்தோடு சேரும்போது தலைமை யாரிடம், மேல்செலவுத் தொகை (நிர்வாகம், கட்டடம் போன்ற செலவுகளுக்குக் கல்லூரி எடுத்துக்கொள்ளும் பங்கு) யாருக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. 2025-இல் என்ஐஎச், என்எஸ்எஃப் இரண்டுமே பல மானியங்களை ரத்து செய்தன. பல அறிவிப்புகளும் மாறின. பழைய பிடிஎஃப்பை நம்பி எழுத உட்காராதீர்கள். ஒரு பக்கச் சுருக்கத்தை அந்தந்தத் திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இது உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. தயங்க வேண்டாம்.

அப்புறம், பணி ஆணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எத்தனை பாடம் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். இக்கல்லூரிகள் பலவற்றில் கற்பித்தல் சுமை அதிகம். முதல் இரண்டு ஆண்டுக்காவது பாடக் குறைப்பை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.