பிரம்பு போனதால் கெட்டானா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் இந்த வருடம் இரண்டு தடவை சஸ்பெண்ட் ஆகிவிட்டான். முதலில் சண்டை, அப்புறம் இன்னொரு பையனின் ஹெட்போனை எடுத்துவிட்டான். டீச்சர் எழுதியனுப்புவதில் பாதி சின்ன விஷயம், நான் கண்டுகொள்வதில்லை. எங்கள் காலத்தில் பிரம்பு இருந்தது, ஒழுங்காக வளர்ந்தோம். இப்போது பள்ளிக்கூடம் கைகழுவிவிட்டதுதானே காரணம்?
- ஒரு தகப்பன், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: இல்லை ஐயா. 'சின்ன விஷயம், கண்டுகொள்வதில்லை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, காரணம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளியில் பிரம்பை நிறுத்தியது 1996-ஆம் வருடச் சட்டம். வீட்டில் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் 2019-ல் அரசியல் சாசன நீதிமன்றம் எடுத்துவிட்டது. இரண்டும் சரி என்பதுதான் என் கட்சி. பிரம்புக்குப் பயந்தவன் வாத்தியார் முதுகைத் திருப்பியதும் பழையபடி ஆடினான், அந்த பெஞ்சில் உட்கார்ந்த நமக்குத் தெரியாததா? யாரும் பார்க்காதபோதும் கையை அடக்கிக்கொள்வதுதான் சுயகட்டுப்பாடு. காட்ஃபிரட்சன், ஹிர்ஷி என்ற இரண்டு குற்றவியல் அறிஞர்கள் 1990-லேயே எழுதினார்கள்: பிள்ளையைக் கவனிக்க வேண்டும், தப்பு நடந்தால் தப்பு என்று தெரிய வேண்டும், உடனே கண்டிக்க வேண்டும். வீட்டில் விட்டதைப் பள்ளியாலும் கொஞ்சம் பிடிக்க முடியும், ஆனால் பெற்றோர் துணை நிற்காவிட்டால் டீச்சரின் கை கட்டிப்போடப்படும் என்றும் அவர்களே சொன்னார்கள்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளை 32 வயதுவரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். சிறுவயதில் தன்னை அடக்கத் தெரியாதவர்கள், புத்திசாலியோ பணக்காரனோ, பெரியவர்களானதும் போதையிலும் குற்ற வழக்கிலும் அதிகம் சிக்கினார்கள். நடுவில் திருந்தியவர்கள் தப்பித்தார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது, அதனால் உங்கள் மகனுக்குக் காலம் கடந்துவிடவில்லை. நம் தெருக்களில் 'சுகர்ஸ்' என்கிற ஹெராயின் கலந்த போதைப்பொருள் எத்தனை வீட்டை அழித்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எட்டு வயதில் பக்கத்து வீட்டு மாங்காய் ஒன்றைப் பறித்து வந்தேன். என் ஆயா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மாங்காயை என் கையிலேயே கொடுத்து, அந்த வீட்டு ஆன்ட்டி கேட்டைத் திறக்கும்வரை என் மணிக்கட்டை விடவே இல்லை. ஒரே ஒரு மாங்காய், அதுவும் காய். இன்றும் அந்தப் பிடி நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை வேலைக்கு ஒரு மணி நேரம் லேட்டாகப் போங்கள். டீச்சர் அனுப்பிய கடிதங்களை எடுத்துக்கொண்டு போய், சண்டை போடாமல், ஒவ்வொன்றாக அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஹெட்போனை அந்தப் பையன் கையில் உங்கள் மகனே கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.