மீன் குளத்தில் பாக்டீரியா: தடுப்பூசி போட்டால் தீருமா?

வலை போட்டு நாலு நாளில் ரோகு மீன்களுக்கு வயிறு உப்பி, செதில் சிலிர்த்துக்கொண்டது. துடுப்படியில் ரத்தச் சிவப்பு. யாராவது விஷம் கலந்திருப்பார்களா? (ஒரத்தநாடு)

விஷம் இல்லை. ‘வலை போட்டு நாலு நாளில்’ என்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா எந்தக் குளத்திலும் எப்போதும் இருப்பது. மீன் மேலுள்ள வழவழப்புதான் அதற்கு வேலி. வலையில் உரசிச் செதில் உதிர்ந்த இடம் அதற்கு வாசலாகிவிடுகிறது. உள்ளே போனதும் ஏரோலைசின் என்ற நச்சைச் சுரக்கும். அந்த நச்சு ரத்த அணுவின் சவ்வில் ஓட்டை போட, நீர் புகுந்து அணு வெடித்துவிடும்.

நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றும் சிறுநீரகம் பழுதானால் வயிறு உப்பத்தான் செய்யும். ஒன்றைக் கீறிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக நீர் வழியும். தீவனத்தைக் குறையுங்கள். பின்னிரவிலிருந்து விடியும்வரை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடட்டும். செத்த மீனை அன்றன்றே எடுத்துப் புதையுங்கள்.

திலேப்பியா தட்டாமாலை சுற்றுவதுபோல் சுழன்று சாகிறது, கண் பிதுங்குகிறது. கடைக்காரர் ஆன்டிபயாடிக் தருகிறேன் என்கிறார். (பவானி)

வாங்காதீர்கள். இந்த அறிகுறிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இந்தக் கிருமி வழவழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொள்வதால் வெள்ளணுக்களால் எளிதில் விழுங்க முடியாது. ரத்தத்தோடு போய் மூளையைத் தொட்டதும் மீன் நிலை தடுமாறிச் சுழலும். தண்ணீர் சூடேறும் கோடையில்தான் அதிகம். நோயுற்ற மீன் தீவனமே எடுக்காது, தீவனத்தில் கலந்த மருந்து அதற்குப் போய்ச் சேருவது எப்படி? குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை என்பதும் நினைவிருக்கட்டும்.

சாகும் தறுவாயில் உள்ள மூன்று நான்கு மீன்களை ஐஸில் வைத்து, அன்றைக்கே பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். செத்து மிதந்ததைக் கொண்டுபோனால், அழுகலில் பெருகிய கிருமிதான் சோதனைத் தட்டில் வளரும்.

ஆயிரக்கணக்கான மீனுக்கு ஒவ்வொன்றாகத் தடுப்பூசியா? நடக்கிற காரியமா? (தேனி)

நடக்கிறது. நார்வேயில் சால்மன் பண்ணைகள் 1987-இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டின. 1990-களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த ஊசித் தடுப்பூசி வந்தது. இன்று உற்பத்தி எத்தனையோ மடங்கு பெருகியும், மருந்தின் அளவு ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் கீழே. எனக்கு இந்தத் துறையில் நம்பிக்கை தந்த கணக்கு இது.

ஊசி போடுமுன் ஒரு நாள் பட்டினி போட வேண்டும். கிராம்பு எண்ணெய் போன்ற மயக்க மருந்து கலந்த நீரில் மீன் சாய்ந்ததும், வயிற்றுத் துடுப்புக்குச் சற்று முன்னால் 0.05 அல்லது 0.1 மில்லி. சிறு குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து கலந்த நீரில் முக்கியெடுப்பதே போதும். ஆனால் அந்தப் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்காது. தீவனத்தில் கலப்பதுதான் எல்லோருக்கும் ஆசை. வயிற்று அமிலம் மருந்தைச் சிதைத்துவிடுவதால் அது இன்னும் முழுசாகக் கைகூடவில்லை.

இன்னொன்று, வகை பொருந்த வேண்டும். திலேப்பியாவைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் ஒன்று-ஏ, ஒன்று-பி, மூன்று என வகைகள் உண்டு. ஒரு வகைக்கான ஊசி மற்றதைத் தடுக்கும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். குளத்தில் சாவு விழுந்த பிறகு போடுவதும் வீண், எதிர்ப்பு உருவாகவே சில வாரம் ஆகும். ரோகு போன்ற நம் கெண்டைக்கான ஏரோமோனாஸ் தடுப்பூசிக்குப் புவனேஸ்வரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உழைத்துவருகிறது. எளிய விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையில் அது வரவேண்டும்.

இறாலுக்கும் தடுப்பூசி உண்டா? (வேதாரண்யம்)

தடுப்பூசி வேலை செய்வது, கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தால். மீனைப்போல் அதை உருவாக்கும் திறன் இறாலுக்குக் கிடையாது. அதனால் அந்தப் பேரில் விற்கும் பாட்டில்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே குவியலாகக் கொல்லும் நோய்க்குக் காரணம், நச்சு மரபணு ஏறிய விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா. அந்தப் பணத்தைக் குஞ்சு வாங்குமுன், கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்குக் கொடுங்கள்.