செம்மறிக்கு முகம் வீங்கியிருக்கிறது, நாக்கு நீலமாகவில்லை: நீலநாக்கு நோயா?

நாக்கு நீலமாகாததை வைத்து நீலநாக்கு நோய் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பல ஆடுகளுக்கு அந்த நிறம் வருவதே இல்லை. மழைக்குப் பின் செம்மறிகளுக்கு மட்டும் காய்ச்சல், உதடு வீக்கம், நொண்டல். அதே பட்டியில் வெள்ளாடுகள் நலம் என்கிறீர்கள். என் சந்தேகம் நீலநாக்கு நோயின்மேல்தான். ஈரச் சேற்றிலும் சாணத்திலும் பெருகும், கொசுவைவிடச் சிறிய குலிக்காய்டஸ் பூச்சிகள் பரப்பும் வைரஸ் நோய் அது.

குளம்பும் தோலும் சேருமிடத்தைப் பாருங்கள். சிவந்த பட்டை தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். குளம்பிடுக்கில் கொப்புளம் இருந்து, மாடுகளும் எச்சில் வடித்தால் கோமாரியாக இருக்கலாம்.

உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனை வேண்டும். கால்நடை மருத்துவரை இன்றே அழையுங்கள். அதுவரை நிழலில் கட்டி, இளம்புல் கொடுங்கள். கஞ்சியைக் கட்டாயப்படுத்தி வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நோயுற்ற ஆட்டைத் தடுப்பூசி குணப்படுத்தாது. அதை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.