ஊழியரே வாடிக்கையாளரானால் கிளாஸை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மருந்துக்கடை ஒன்றுக்கு ஜாவா என்ற நிரல்மொழியில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். 'நபர்' என்ற கிளாஸிலிருந்து (கிளாஸ் என்பது ஒரு வகைப் பதிவுக்கான அச்சு) ஊழியர், வாடிக்கையாளர், சப்ளையர் மூன்றையும் இன்ஹெரிட் செய்தேன், அதாவது 'நபரில்' உள்ளதெல்லாம் அவற்றுக்கும் வரும்படி வைத்தேன். கடை ஊழியர் ஒருவர் வீட்டுக்கும் அங்கேயே மருந்து வாங்குகிறார். அவருக்கு இரண்டு பதிவுகள்; ஒன்றில் போன் நம்பரை மாற்றினால் மற்றதில் பழையதே நிற்கிறது. 'ஊழியர்-வாடிக்கையாளர்' என்று நான்காவது கிளாஸ் போடலாமா?

பதில்: வேண்டாம். நாளைக்கு சப்ளையரும் இருமல் மருந்து கேட்டு வருவார், ஐந்தாவது கிளாஸ் தேடுவீர்கள்.

அந்த ஊழியர் காலையில் கல்லாவில் உட்காருகிறார், சாயங்காலம் அம்மாவுக்கு மாத்திரை வாங்குகிறார். ஆள் ஒருவர்தான், பங்குதான் இரண்டு. ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்ட் (கிளாஸ் என்ற அச்சில் வார்த்த ஒரு பதிவு) எந்தக் கிளாஸில் உருவானதோ கடைசிவரை அதிலேயே இருக்கும். வேலையை விட்டுப் போனவரை வெறும் வாடிக்கையாளராக மாற்ற வழியில்லை. எனவே 'நபர்' கிளாஸில் பெயர், போன், முகவரி. கூடவே பங்குகளுக்கு ஒரு லிஸ்ட். சம்பளம் ஊழியர் பங்கில், கடன் பாக்கி வாடிக்கையாளர் பங்கில். வேலையை விட்டால் ஊழியர் பங்குக்கு முடிவுத் தேதி போட்டால் ஆயிற்று.

இன்ஹெரிட் செய்யக் கூடாத இடத்தில் செய்து ஜாவாவை எழுதியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். ஸ்டேக் கிளாஸை, எந்த இடத்திலும் செருகக்கூடிய பட்டியலான வெக்டரிலிருந்து இன்ஹெரிட் செய்துவிட்டார்கள். ஸ்டேக் என்பது மேலே வைத்து மேலிருந்தே எடுக்க வேண்டிய அடுக்கு. வெக்டரின் மெத்தட்களும் (அது செய்யும் செயல்கள்) கூடவே வந்ததால் ஸ்டேக்கின் நடுவிலும் செருகலாம்!

மென்பொருளின் அடுத்த பகுதியை எழுதும் முன், மென்பொருள் வல்லுநர்கள் கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் 1989-இல் எழுதிய சிஆர்சி (கிளாஸ், பொறுப்பு, கூட்டாளி) அட்டை முறையைச் செய்து பாருங்கள். சின்னக் கடைக்கு, மென்பொருள் அமைப்பை வரைந்து காட்டும் யூஎம்எல் படமெல்லாம் அதிகம் என்பது என் கட்சி. அட்டையின் தலையில் கிளாஸ் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்பு, வலப்பக்கம் அது உதவி கேட்கும் கிளாஸ்கள். 'காலாவதித் தேதியைச் சொல்வது யார்?' என்று கேளுங்கள். கை தானாக 'மருந்து' அட்டைக்குப் போகும். ஆனால் அலமாரியைப் பாருங்கள்: ஒரே பாராசிட்டமால், இரண்டு பேட்ச், இரண்டு தேதி. பேட்சுக்குத் தனி அட்டை வேண்டும். பில் அதனிடம்தான் தேதி கேட்கும்.

பழைய இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும்போது போன் நம்பரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நம்பரை ஒரு வீட்டில் நாலு பேர் கொடுத்திருப்பார்கள்.