வீட்டில் விழுங்கும் புற்றுநோய் மாத்திரைக்குக் காப்பீடு கிடையாதா? மனையை விற்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. 2021இல் அவருக்கு மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. போர்டெசோமிப் ஊசியும் தாலிடோமைடு மாத்திரையும் கொடுத்து, பிறகு அவருடைய ஸ்டெம் செல்லைக் கொண்டே மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தார்கள். நான்கு ஆண்டுகள் நன்றாக இருந்தார். இப்போது நோய் திரும்பியிருக்கிறது. சென்ற மாதம் முதுகுவலிக்காக நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்தக் கட்டணம் காப்பீட்டில் கிடைத்தது. முன்பு போட்ட ஊசியால் பாதங்களில் ஏற்பட்ட மரமரப்பு இன்னும் போகாததால், இந்த முறை இக்சாசோமிப், லெனலிடோமைடு, டெக்சாமெதசோன் என்று மூன்றையும் மாத்திரையாகவே வீட்டில் சாப்பிடலாம் என்கிறார் மருத்துவர். மாதச் செலவு 62,000 ரூபாய். அதில் இக்சாசோமிப் மட்டும் 52,000, லெனலிடோமைடு 5,000, பரிசோதனைகளுக்கும் எலும்புக்கான ஊசிக்கும் 5,000. ஒன்பது ஆண்டுகளாகப் புதுப்பித்துவரும் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆனால், மருத்துவமனையில் சேராமல் வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குப் பணம் தர இயலாது என்று டி.பி.ஏ. நிறுவனம் (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. தந்தையின் பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம் (போட்டு மூன்றாண்டு ஆகிறது), வங்கி வைப்பில் 8 லட்சம் உள்ளன. பெற்றோர் என்னுடன்தான் இருக்கிறார்கள். நான் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 55,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கடன் தவணை 14,000. தம்பி கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சென்ற ஆண்டு வேலைக்குச் சேர்ந்தான். விராலிமலை அருகே 2012இல் என் பெயரில் வாங்கிய மனை ஒன்று இருக்கிறது. அதை உடனே விற்றுவிடலாமா, அல்லது தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மனையை இப்போது விற்க வேண்டாம், தனிநபர் கடனும் வேண்டாம். இந்த நோய் பெரும்பாலும் அடங்கி, மீண்டும் தலைகாட்டி, ஒவ்வொரு முறையும் வேறொரு மருந்துக் கூட்டணியைக் கேட்கும் தன்மை உடையது. ஆகவே, இந்தச் சுற்றுக்கே கையிருப்பு முழுவதையும் கொட்டிவிட்டால், அடுத்த சுற்றில் மருத்துவர் ஒரு நல்ல மருந்தின் பெயரைச் சொல்லும்போது உங்களிடம் விற்பதற்கு எதுவும் இருக்காது. நான் கீழே சொல்பவை அனைத்தும் இந்த ஒரு கவலையிலிருந்து எழுபவையே.

முதலில் காப்பீடு. நம் நாட்டு மருத்துவக் காப்பீடு, நோயாளி கட்டிலில் படுத்திருப்பதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. புற்றுநோய் மருந்து வீட்டுச் சமையலறை அலமாரிக்கு வந்துவிட்ட காலத்தோடு அது இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆயினும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நவீன சிகிச்சைகள் என்று பன்னிரண்டைப் பட்டியலிட்டு, அவற்றைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று கூறியது. 2020 அக்டோபர் முதல் பழைய பாலிசிகளுக்கும் இது பொருந்தும். அந்தப் பட்டியலில் வாய்வழிக் கீமோதெரபியும் இருக்கிறது. ஆனால் அதே வரியில், உள்நோயாளியாகவோ, டே கேர் முறையிலோ (மருத்துவமனையில் இரவு தங்காமல் ஒரே நாளில் பெறும் சிகிச்சை), மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாத நிலையில் வீட்டிலேயே பெறும் சிகிச்சையாகவோ இருந்தால் என்ற நிபந்தனையும் உண்டு. டி.பி.ஏ.வின் மறுப்பு இந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. எனவே அந்த மறுப்பு முற்றிலும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். முழு உண்மையும் அதுவல்ல.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்திதான் என் கண்ணில் முதலில் பட்டது. தந்தையார் சென்ற மாதம் நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார், அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது என்கிறீர்கள். ஏற்கப்பட்ட ஒரு சேர்க்கைக்குப் பின், அதே நோய்க்காக வாங்கும் மருந்துகளுக்கும் செய்யும் பரிசோதனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்வரை பணம் தருவது பாலிசியில் தனிப் பிரிவாகவே இருக்கும். 60 நாள், 90 நாள், சிலவற்றில் 180 நாள். முதுகுவலிக்குக் காரணம் மைலோமாதான் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கெடுவுக்குள் தொடங்கிய மாத்திரைகளின் பில்லை இந்தப் பிரிவின் கீழ் அனுப்புங்கள். கெடு 60 நாளாக இருந்தாலும் ஒன்றிரண்டு மாதச் செலவு திரும்பக்கூடும். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்ததாக, எலும்பு வலுவுக்கான ஊசியை மருத்துவமனையில்தான் போடுகிறார்கள். அன்றே இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, அந்தச் சுழற்சிக்கான (28 நாள் சுற்றுக்கான) மாத்திரையை மருத்துவமனை மருந்தகத்திலேயே பெற்று, முதல் மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட்டு, அனைத்தும் ஒரே டே கேர் பில்லில் வருமாறு செய்ய இயலுமா என்று கேளுங்கள். மருத்துவரின் கடிதத்தில் ‘புற்றுநோய்க்கான வாய்வழி மருந்துச் சிகிச்சை’ என்ற சொற்கள் தெளிவாக இருக்கட்டும். இக்சாசோமிப் இலக்குசார் மருந்து, ஆகவே கீமோதெரபி அல்ல என்று சொல்லைப் பிடித்துக்கொண்டு மறுக்கும் வழக்கமும் உண்டு. அதே நேரத்தில், தேவையில்லாமல் ஒரு நாள் படுக்கவைத்துக் கணக்குக் காட்டச் சொல்லாதீர்கள். அது மோசடி. ஐந்தாண்டு தொடர்ந்து புதுப்பித்த பாலிசியில், பழைய விவரங்களை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் கோரிக்கையை மறுக்க முடியாது என்ற பாதுகாப்பு உங்களுக்கு இருக்கிறது. நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லை அல்லது பதில் நிறைவளிக்கவில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தை அணுகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். பாலிசியில் நவீன சிகிச்சைகளுக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஆரோக்கிய சஞ்சீவனி (எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்கும் அடிப்படைப் பாலிசி) போன்ற பாலிசிகளில் அது காப்பீட்டுத் தொகையில் பாதிதான்.

இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். நீங்களும் தம்பியும் தனியார் நிறுவனங்களில் வேலை செய்கிறீர்கள். ஊழியர்களுக்கான குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க வசதி இருக்கிறதா என்று இருவரும் நாளையே மனிதவளத் துறையில் கேளுங்கள். பிரீமியத்தை ஊழியரே செலுத்த வேண்டியிருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறைதான் சேர்க்கைக் காலம் வரும். ஆயினும், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லாமல் முதல் நாளிலிருந்தே ஏற்கும் குழுப் பாலிசிகள் பல உண்டு. இன்றைய நிலையில் உங்கள் தந்தையாருக்கு வெளிச்சந்தையில் புதிய பாலிசியோ, இருக்கும் காப்பீட்டுக்கு மேல் எடுக்கும் டாப்-அப்போ கிடைப்பது அரிது. நோயை மறைத்து எடுத்துத் தருகிறேன் என்று எந்த முகவராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி செலவுக் கணக்கு. லெனலிடோமைடு உங்களுக்கு 5,000 ரூபாயில் கிடைப்பதற்குக் காரணம், இந்திய நிறுவனங்கள் பலவும் அதைத் தயாரிப்பதும், 2022இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டு விலை உச்சவரம்புக்குள் வந்ததும் ஆகும். பாரம் முழுவதும் இக்சாசோமிப்பில்தான் இருக்கிறது. அந்த மருந்து என்ன தருகிறது என்பதை மருத்துவரிடம் பணக் கண்ணோடும் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 722 நோயாளிகளைக் கொண்டு நடந்த டூர்மலைன் ஆய்வில், லெனலிடோமைடும் டெக்சாமெதசோனும் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் மீண்டும் வளர இடைநிலையாக (பாதிப் பேருக்கு இதற்குள், மீதிப் பேருக்கு இதற்குப் பின்) 14.7 மாதங்களும், இக்சாசோமிப்பையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு 20.6 மாதங்களும் ஆயின. ஏறத்தாழ ஆறு மாதம் கூடுதல். ஆனால் மொத்த ஆயுட்காலத்தைப் பார்த்தபோது 51.6 மாதம், 53.6 மாதம் என்று இரு பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. உங்கள் விலைப்படி 20 மாதத்துக்கு இக்சாசோமிப்புக்கு மட்டும் 10 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் ஆகும்.

இதனால் அந்த மருந்து வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது என் வேலையும் அல்ல, தகுதியும் அல்ல. அதே ஆய்வில், குரோமோசோம் மாற்றங்களால் உயர் ஆபத்துப் பிரிவில் வைக்கப்பட்டவர்களுக்கு நோய் மீண்டும் வளரும்வரையிலான காலம் 9.7 மாதம் என்பது 21.4 மாதமாக நீண்டது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: தந்தையாரின் ஃபிஷ் பரிசோதனை (குரோமோசோம் மாற்றங்களைக் கண்டறியும் சோதனை) முடிவு என்ன, அதைப் பார்த்தால் மூன்றாவது மருந்து அவருக்கு எவ்வளவு உதவும்? கூடவே இதே நோய்க்கான டாராடுமுமாப் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். லெனலிடோமைடோடு அந்த ஊசியைச் சேர்த்த போலக்ஸ் ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த காலம் 17.5 மாதத்திலிருந்து 44.5 மாதமாகவும், ஆயுட்காலம் 51.8 மாதத்திலிருந்து 67.6 மாதமாகவும் உயர்ந்தன. இரண்டு ஆய்வுகளின் நோயாளிகளும் வேறு வேறு என்பதால் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. எனினும், விலை மிகுந்த அந்த ஊசி மருத்துவமனையில் போடப்படுவதால் காப்பீட்டுக்குள் வந்து, அதைவிட எளிய மாத்திரை உங்கள் பையிலிருந்து போகும் விந்தையும் நேரலாம். சுங்க வரி முழுவதும் நீக்கப்பட்ட மருந்துகளின் 2025 பட்டியலில் டாராடுமுமாப் இருக்கிறது. ஆயினும் 5 லட்சம் காப்பீடு அதற்கு நெடுநாள் தாங்காது. அதனால்தான் குழுக் காப்பீட்டை முதலில் விசாரிக்கச் சொன்னேன்.

மருத்துவர் மூன்று மருந்துகளையும் உறுதிசெய்தால் பணத்தை எங்கிருந்து எடுப்பது? மூத்த குடிமக்கள் திட்டத்தின் 10 லட்சத்தைத் தொடாதீர்கள். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 20,500 ரூபாய் வருகிறது. லெனலிடோமைடின் விலையையும் பரிசோதனைச் செலவில் ஒரு பகுதியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்களும் தம்பியும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் ஒதுக்கினால், மீதி 45,000 ரூபாயை வங்கி வைப்பிலிருந்து எடுக்கலாம். எட்டு லட்சம் பதினேழு மாதத்துக்கு மேல் வரும். அந்த வைப்பு ஒரே ரசீதாக இருந்தால், முதிர்வின்போது ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று சிறு சிறு வைப்புகளாகப் பிரித்துப் போடுங்கள். தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம். இடையில் அவசரம் என்றால் வைப்பின் பேரில் கடன் வாங்குவது தனிநபர் கடனைவிட எவ்வளவோ மேல். நெருக்கடி முற்றினால் மூத்த குடிமக்கள் கணக்கை மூடலாம். இரண்டாண்டு கடந்துவிட்டதால் பிடித்தம் ஒரு சதவீதம், அதாவது 10,000 ரூபாய்தான்.

மாத்திரையை ஒவ்வொரு சுழற்சிக்கும் தனித்தனியாக வாங்குங்கள். இக்சாசோமிப் 28 நாளுக்கு மூன்றே மாத்திரைதான். தட்டணுக்கள் குறைந்தால் மருத்துவர் 4 மில்லிகிராமை 3 மில்லிகிராமாகக் குறைக்கலாம், வாங்கிவைத்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டார். மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் இருந்தால், முதல் பெட்டிக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும். மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் குறைக்கப்பட்டிருப்பதால் மருத்துவமனை தந்த மதிப்பீடு எந்தத் தேதியுடையது என்றும் பாருங்கள். வாட்ஸ்அப் வழியாக அயல்நாட்டிலிருந்து பாதி விலையில் வரும் மாத்திரைக்கு முறையான பில்லும் இராது, உள்ளே இருப்பது என்ன என்ற உறுதியும் இராது.

வருமான வரியில் 80டிடிபி பிரிவின் கீழ், மூத்த குடிமகனின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு என்று உங்களிடம் பலரும் சொல்வார்கள். அது பழைய வரிமுறைக்கு மட்டும் உரியது. ஆண்டுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம் சம்பளத்துக்குப் புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை என்பதால், அந்தக் கழிவுக்காக அலைய வேண்டாம்.

கடைசியாக மனை. விற்க வேண்டிய நாள் ஒருவேளை வரலாம்; அவசரத்தில் விற்பவரின் முகத்தைப் பார்த்தே விலையை இறக்கிவிடுவார்கள். ஆகவே இப்போதே பட்டாவைச் சரிபார்த்து, வில்லங்கச் சான்று எடுத்து, பக்கத்து மனைகள் என்ன விலைக்குப் பதிவாகின்றன என்று விசாரித்து வையுங்கள். 23.7.2024க்கு முன் வாங்கிய மனை என்பதால், இலாபத்தின் மீது 12.5 சதவீதமோ, பணவீக்கத்தைச் சரிக்கட்டிய பின் 20 சதவீதமோ, எது குறைவோ அதைச் செலுத்தலாம். 12 லட்சம் வரை வரியில்லை என்ற தள்ளுபடி இந்த இலாபத்துக்குப் பொருந்தாது. விலை பேசும்போதே அந்த வரித் தொகையைத் தனியே எடுத்துவைத்து, கையில் மிஞ்சுவதை மட்டும் மருந்துக் கணக்கில் சேருங்கள்.